இருமுறை எடைபோடப்பட்ட வேட்பாளர்

குடியரசுத் தலைவர் தேர்தல் வரும்போதெல்லாம் நம் நாட்டில் ஒரு கணக்கு தொடங்கிவிடும். எந்தக் கட்சியிடம் எத்தனை வாக்குகள் உள்ளன, எந்த மாநிலச் சட்டப்பேரவை உறுப்பினரின் வாக்குக்கு எவ்வளவு மதிப்பு, எந்தத் தலைவர் எந்தப் பக்கம் சாய்வார் என்றெல்லாம் அலசப்படும். வேட்பாளரின் மாநிலம், மொழி, சமூகம் ஆகியவையும் பேசப்படும். ஆனால், எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாத ஒரு நெருக்கடியில், ஆலோசனை கூற நிலையான அமைச்சரவையும் இல்லாத வேளையில், இவர் தனித்து நின்று எப்படி முடிவெடுப்பார் என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை.

அந்தக் கேள்வி எழாமல் போனால் என்ன நேரும் என்பதை உணர்த்தும் வாழ்க்கை ஒன்று நம் வரலாற்றில் உண்டு. அது நீலம் சஞ்சீவ ரெட்டியின் வாழ்க்கை. குடியரசுத் தலைவர் பதவிக்கு முக்கிய வேட்பாளராக இருமுறை முன்னிறுத்தப்பட்டவர் அவர். 1969-இல் மயிரிழையில் தோற்றார். 1977-இல் போட்டியின்றி வென்றார். அந்த எட்டு ஆண்டுகளில் அந்த மனிதரின் குணமோ திறமையோ பெரிதாக மாறிவிடவில்லை. அவரை எடைபோட்டவர்களின் கைகள்தான் மாறியிருந்தன.

சஞ்சீவ ரெட்டி 1913 மே 19 அன்று, அன்றைய சென்னை மாகாணத்தின் அனந்தப்பூர் மாவட்டத்தில் இல்லூர் என்ற சிற்றூரில் வேளாண் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்புக்காகச் சென்னைக்கு வந்து, அடையாறில் பிரம்மஞான சபையினர் நடத்திய உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். பின்னர் அனந்தப்பூர் அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்தார். 1929-இல் மகாத்மா காந்தி அனந்தப்பூருக்கு வந்தது அந்த இளைஞரின் போக்கை மாற்றியது. அயல்நாட்டுத் துணியைத் துறந்து கதருக்கு மாறினார். 1931-இல் படிப்பையும் துறந்து விடுதலைப் போராட்டத்தில் இறங்கினார்.

1938-இல், 25 வயதில், ஆந்திர மாகாண காங்கிரஸ் குழுவின் செயலாளரானார். அந்தப் பொறுப்பில் பத்து ஆண்டுகள் இருந்தார். ஊர் ஊராகச் சென்று கட்சியைக் கட்டுவது, பிணக்குகளைத் தீர்ப்பது, யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்று தீர்மானிப்பது ஆகியவற்றில் அவர் பெற்ற பயிற்சி வாழ்நாள் முழுவதும் உடன் வந்தது. அவருடைய பலம் என்று பின்னாளில் நண்பர்கள் கூறியதும், பலவீனம் என்று எதிரிகள் கூறியதும் இந்தப் பத்தாண்டுப் பயிற்சியின் விளைவுகளே.

1940 முதல் 1945 வரையிலான காலத்தின் பெரும்பகுதி சிறையில் கழிந்தது. 1942 ஆகஸ்ட் போராட்டத்தின்போது கைதான அவர், இன்றைய மகாராஷ்டிர மாநிலத்தில் உள்ள அமராவதி சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டார். தங்குதூரி பிரகாசம், தீரர் சத்தியமூர்த்தி, காமராஜர், வி.வி. கிரி ஆகியோரும் அதே சிறையில் அடைக்கப்பட்டிருந்தனர். ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பிறகு அதே சிறைத் தோழர் கிரியுடன் நாட்டின் உயர்ந்த பதவிக்காக மோதுவோம் என்றோ, காமராஜர் தமக்காக வாதாடுவார் என்றோ சஞ்சீவ ரெட்டி அன்று நினைத்திருக்க வாய்ப்பில்லை.

1946-இல் சென்னை மாகாணச் சட்டப்பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினராகவும் இருந்தார். 1949 முதல் 1951 வரை சென்னை மாகாண அமைச்சரவையில் மதுவிலக்கு, வீட்டுவசதி, வனத் துறைகளின் அமைச்சராகப் பணியாற்றினார். அந்த வகையில், தமிழகத்தையும் ஆந்திரத்தையும் ஒருசேர ஆண்ட கோட்டையில் நிர்வாகம் பயின்றவர் அவர்.

1951-இல் ஆந்திர காங்கிரஸ் தலைவர் பதவிக்கு நடந்த போட்டியில், விவசாயிகளின் தலைவராகப் புகழ்பெற்றிருந்த என்.ஜி. ரங்காவை வென்றார். அந்தத் தோல்விக்குப் பின் ரங்கா காங்கிரஸை விட்டே வெளியேறினார். ஓர் உட்கட்சித் தேர்தலில் வெற்றி பெறுவது வேறு, தோற்றவரையும் அரவணைத்துச் செல்வது வேறு. முதலாவதில் சஞ்சீவ ரெட்டி தேர்ந்தவர். இரண்டாவதில் அவர் அவ்வளவு தேர்ந்தவர் அல்லர் என்ற பேச்சு அப்போதே தொடங்கிவிட்டது.

1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது பிரகாசத்தின் கீழ்த் துணை முதல்வரானார். 1955-இல் கோபால ரெட்டியின் அமைச்சரவையிலும் அதே பொறுப்பை வகித்தார். 1956 நவம்பர் 1 அன்று தெலங்கானாப் பகுதியும் இணைந்து ஆந்திரப் பிரதேசம் உருவானபோது, 43 வயதில் அதன் முதல் முதலமைச்சரானார்.

அந்த மாநிலத்தின் அடித்தளத்தை அமைத்ததில் அவருக்கு உள்ள பங்கு பெரிது. ஹைதராபாத் நிர்வாகமும் சென்னை மாகாண மரபில் வந்த நிர்வாகமும் வெவ்வேறு சட்டங்களையும், அலுவல் மொழிகளையும், நடைமுறைகளையும் கொண்டவை. அவற்றை ஒன்றாக்கும் பணி எளிதானதன்று. நாகார்ஜுனசாகர், ஸ்ரீசைலம் ஆகிய பெரும் அணைத் திட்டங்களுக்கு அவர் ஆட்சிக் காலத்தில் ஊக்கம் கிடைத்தது. ஸ்ரீசைலம் நீர்த்தேக்கம் பின்னாளில் அவர் பெயரையே தாங்கியது.

ஆனால், அதே தொடக்கத்தில் ஒரு பிழையும் நேர்ந்தது. இரு பகுதிகளும் இணைவதற்கு முன், 1956 பிப்ரவரியில், இரு தரப்புத் தலைவர்களும் ஓர் உடன்பாடு செய்திருந்தனர். முதல்வர் ஆந்திரப் பகுதியைச் சேர்ந்தவரானால் துணை முதல்வர் தெலங்கானாவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. பதவியேற்றதும் சஞ்சீவ ரெட்டி துணை முதல்வரை நியமிக்கவில்லை. அப்பதவி கையில் முளைத்த ஆறாவது விரலைப் போன்றது என்று அவர் இகழ்ந்ததாக ஹைதராபாத்தில் நெடுங்காலம் பேசப்பட்டது. தாமே அதற்கு முன் துணை முதல்வராக இருந்தவர் அவர் என்பதை எதிரிகள் சுட்டிக்காட்டத் தவறவில்லை. கொடுத்த வாக்கை மீறியதாகத் தெலங்கானா மக்கள் கருதிய நிகழ்வுகளின் பட்டியலில் இதுவே முதலாவது. அந்த மனக்குறை 1969-இல் பெரும் கிளர்ச்சியாக வெடித்து, 2014-இல் தனி மாநிலமாக முடிந்தது. இத்தனைக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குவது நியாயமன்று. எனினும், எண்ணிக்கை பலம் தம் பக்கம் இருக்கும்போது எதிர்த்தரப்பின் உணர்வைப் பொருட்படுத்தாத ஒரு போக்கு அவரிடம் இருந்தது என்பதை மறுக்கவும் இயலாது.

1960-இல் முதல்வர் பதவியை விட்டு அகில இந்திய காங்கிரஸ் தலைவரானார். 1962-இல் மீண்டும் முதல்வராகத் திரும்பினார். இந்த இரண்டாவது முறை அவரது ஆட்சி இரண்டு ஆண்டுகளே நீடித்தது. அது முடிந்த விதம்தான் அவரைப் பற்றிய மதிப்பீட்டில் முக்கியமானது.

கர்நூல் மாவட்டத்தில் தனியார் பேருந்துத் தடங்களை அரசுடைமையாக்கும் திட்டத்தை எதிர்த்துப் பேருந்து உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்திருந்தனர். அரசியல் பகை காரணமாகவே தங்கள் தடங்கள் முன்னதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பது அவர்களின் குற்றச்சாட்டு. அதை மறுத்து முதல்வர் தரப்பில் உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்யப்படவில்லை என்பதைச் சுட்டிக்காட்டிய உச்சநீதிமன்றம், மறுக்கப்படாத குற்றச்சாட்டின் அடிப்படையில் பாதகமான கருத்துகளைத் தெரிவித்தது. பதவி விலக வேண்டும் என்று நீதிமன்றம் கூறவில்லை. ஆயினும், 1964 பிப்ரவரியில் சஞ்சீவ ரெட்டி தாமாகவே பதவி விலகினார்.

இந்த ஒரு நிகழ்வில் அவரது இரு முகங்களும் தெரிகின்றன. அதிகாரத்தைக் கட்சிக் கணக்குக்குப் பயன்படுத்துபவர் என்ற ஐயம் ஒருபுறம். நீதிமன்றத்தின் ஒரு சொல்லுக்கு மதிப்பளித்து முதல்வர் நாற்காலியையே துறக்கும் பண்பு மறுபுறம். இன்று நீதிமன்றக் கண்டனங்களைப் பெற்ற பின்னும் பதவியில் ஒட்டிக்கொண்டிருப்போரைக் காணும்போது, இரண்டாவது முகத்துக்கு நாம் கூடுதல் மதிப்பெண் அளிக்கத்தான் வேண்டும்.

பின்னர் லால் பகதூர் சாஸ்திரியின் அமைச்சரவையில் உருக்கு, சுரங்கத் துறையையும், இந்திரா காந்தியின் அமைச்சரவையில் போக்குவரத்து, விமானப் போக்குவரத்துத் துறைகளையும் கவனித்தார். 1967 பொதுத் தேர்தலில் ஹிந்துப்பூர் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, மார்ச் 17 அன்று மக்களவைத் தலைவரானார்.

அந்த ஆண்டு மக்களவை முந்தையவற்றிலிருந்து வேறுபட்டது. காங்கிரஸ் 283 இடங்களுடன் சற்றே பெரும்பான்மை பெற்றிருந்தது. எதிர்க்கட்சி வரிசைகள் நிரம்பியிருந்தன. பல மாநிலங்களில் காங்கிரஸ் ஆட்சியை இழந்திருந்தது. சென்னையில் அண்ணா முதல்வராகியிருந்தார். அத்தகைய அவைக்குத் தலைமை ஏற்ற சஞ்சீவ ரெட்டி, தம் வாழ்நாள் முழுவதும் உழைத்த காங்கிரஸ் கட்சியின் உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாறு செய்த முதல் மக்களவைத் தலைவர் அவர்தான். நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் குடியரசுத் தலைவர் உரை நிகழ்ந்த நாளிலேயே விவாதத்துக்கு எடுத்துக்கொள்ள அனுமதித்தார். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் நலனுக்கான நாடாளுமன்றக் குழு அமைந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. கட்சி அமைப்பாளராகவே வளர்ந்த ஒருவரால் கட்சிக்கு அப்பாலும் நிற்க முடியும் என்பதற்கு இந்த ஈராண்டுகள் சான்று.

1969 மே 3 அன்று குடியரசுத் தலைவர் ஜாகிர் ஹுசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். குடியரசு துணைத் தலைவராக இருந்த வி.வி. கிரி தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். அடுத்த குடியரசுத் தலைவர் யார் என்ற கேள்வி, காங்கிரஸை ஆள்வது யார் என்ற கேள்வியுடன் பின்னிக்கொண்டது. ஒருபுறம் பிரதமர் இந்திரா காந்தி. மறுபுறம் சிண்டிகேட் என்று அழைக்கப்பட்ட நிஜலிங்கப்பா, காமராஜர், எஸ்.கே. பாட்டீல் முதலிய மூத்த தலைவர்கள்.

ஜூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரஸ் நாடாளுமன்றக் குழு, பிரதமர் விரும்பிய ஜகஜீவன் ராமைப் பெரும்பான்மை வாக்குகளால் ஒதுக்கிவிட்டு, சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராகத் தேர்ந்தது. அவரது அவை நடத்தும் திறமையோ, 1964-இல் அவர் காட்டிய நேர்மையோ அங்கு முதன்மையாகப் பேசப்படவில்லை. தெலங்கானா உடன்பாடும் பேசப்படவில்லை. பிரதமருக்குக் கட்டுப்படாதவர் என்பதே ஆதரவாளர்களுக்கு அவரது தகுதி. அதுவே பிரதமரின் தரப்புக்கு அவரது குறை.

அதன்பின் நிகழ்வுகள் விரைந்தன. மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதித் துறை பறிக்கப்பட்டது. ஜூலை 19 அன்று 14 வங்கிகள் அவசரச் சட்டத்தின் மூலம் நாட்டுடைமையாக்கப்பட்டன. அதில் கையொப்பமிட்ட கிரி மறுநாள் பொறுப்பிலிருந்து விலகி, சுயேச்சை வேட்பாளராகக் களமிறங்கினார். சஞ்சீவ ரெட்டியும் மக்களவைத் தலைவர் பதவியைத் துறந்தார். அவரது வேட்புமனுவை முன்மொழிந்தவர்களில் இந்திரா காந்தியும் ஒருவர் என்பது அந்தத் தேர்தலின் விந்தைகளுள் முதன்மையானது.

ஜனசங்கமும் சுதந்திரா கட்சியும் முன்னாள் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக்கை நிறுத்தியிருந்தன. அக்கட்சிகளின் இரண்டாவது விருப்ப வாக்குகளைப் பெறக் காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா அவர்களுடன் பேச்சு நடத்தினார். அதையே காரணமாகக் காட்டிய பிரதமரின் தரப்பு, உறுப்பினர்கள் மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று அறிவித்தது. இடதுசாரிகளும், தமிழகத்தை ஆண்ட திமுகவும் கிரியை ஆதரித்தன.

இதற்கிடையே சஞ்சீவ ரெட்டியின் தனிப்பட்ட ஒழுக்கத்தைத் தாக்கும் பெயரில்லாத துண்டுப் பிரசுரம் ஒன்று நாடாளுமன்ற உறுப்பினர்களிடையே சுற்றியது. தேர்தலுக்குப் பின் இது வழக்காக உச்சநீதிமன்றம் சென்றது. பதவியில் இருந்த குடியரசுத் தலைவர் கிரியே நீதிமன்றத்தில் சாட்சியம் அளிக்க நேர்ந்தது. பிரசுரம் பரப்பப்பட்டதை நீதிமன்றம் ஏற்றது. ஆனால், அதில் கிரிக்குத் தொடர்பு இருந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஒரு வேட்பாளரின் குறைகளை ஆராய்வது மக்களாட்சியின் கடமை. பெயரைக்கூட வெளியிடத் துணியாதவர்கள் அவதூறு பரப்புவது அந்த ஆராய்ச்சிக்கு நேர் எதிரானது. சஞ்சீவ ரெட்டியிடம் வெளிப்படையாக விவாதிக்கத்தக்க உண்மையான குறைகள் இருந்தன. அவை விவாதிக்கப்படவில்லை. அவதூறு விவாதிக்கப்பட்டது.

ஆகஸ்ட் 16 அன்று வாக்குப்பதிவு நடந்தது. 20 அன்று எண்ணப்பட்டது. முதல் விருப்ப வாக்குகளில் கிரிக்கு 4,01,515 மதிப்பும், சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548 மதிப்பும், தேஷ்முக்குக்கு 1,12,769 மதிப்பும் கிடைத்தன. வெற்றிக்குத் தேவையான 4,18,169-ஐ எவரும் எட்டவில்லை. மற்ற வேட்பாளர்கள் ஒவ்வொருவராக நீக்கப்பட்டு இரண்டாவது விருப்பங்கள் சேர்க்கப்பட்டபோது சஞ்சீவ ரெட்டி வேகமாக முன்னேறினார். ஆயினும், இறுதியில் கிரி 4,20,077 பெற்று வென்றார். சஞ்சீவ ரெட்டி பெற்றது 4,05,427. குடியரசுத் தலைவர் தேர்தலில் இரண்டாவது விருப்பங்கள் முடிவைத் தீர்மானித்தது அந்த ஒரு முறைதான்.

ஆளுங்கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளர் ஆளுங்கட்சியினராலேயே தோற்கடிக்கப்பட்டார். சில மாதங்களில் காங்கிரஸ் பிளந்தது. 1971 மக்களவைத் தேர்தலில் நிறுவன காங்கிரஸ் சார்பில் ஹிந்துப்பூரில் போட்டியிட்ட சஞ்சீவ ரெட்டி அங்கும் தோற்றார். பிறகு இல்லூருக்குத் திரும்பி வேளாண்மையில் ஈடுபட்டார். அவர் அரசியல் வாழ்வு முடிந்துவிட்டது என்றே பலரும் கருதினர்.

1975 மே மாதம், ஜெயபிரகாஷ் நாராயண் ஹைதராபாத் வந்தபோது, அவரோடு ஒரே மேடையில் தோன்றிப் பொதுவாழ்வுக்குத் திரும்பினார். அடுத்த மாதமே நெருக்கடி நிலை வந்தது. 1977 தேர்தலில் வட இந்தியா முழுவதும் ஜனதா அலை வீசியபோது, ஆந்திரத்தின் 42 தொகுதிகளில் 41-ஐக் காங்கிரஸ் வென்றது. எஞ்சிய ஒரே தொகுதி நந்தியால். அங்கு வென்றவர் சஞ்சீவ ரெட்டி. மீண்டும் ஒருமனதாக மக்களவைத் தலைவரானார்.

குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது அந்த ஆண்டு பிப்ரவரியில் மறைந்திருந்தார். அடுத்தவராகக் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேலை முன்னிறுத்தப் பிரதமர் மொரார்ஜி தேசாய் விரும்பினார். அவர் அதை மறுத்துவிட்டார். பின்னர் ஜனதா கட்சி சஞ்சீவ ரெட்டியைத் தேர்ந்தது. காங்கிரஸும் எதிர்க்கவில்லை. 37 பேர் வேட்புமனு தாக்கல் செய்தனர். 36 மனுக்கள் தள்ளுபடியாயின. ஜூலை 21 அன்று அவர் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 25-ஆம் தேதி, 64 வயதில் பதவியேற்றார்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் இந்திரா காந்திக்கு எதிரானவர் என்பது குறையாக இருந்தது. இப்போது இந்திரா காந்தியால் வீழ்த்தப்பட்டவர் என்பதே தகுதியாயிற்று. 1969-இல் அவதூறால் மறைக்கப்பட்ட அவரது உண்மையான குறைகள், 1977-இல் அனுதாபத்தால் மறைக்கப்பட்டன. போட்டியே இல்லாததால் எவரும் எதையும் கேட்க வேண்டிய தேவையும் எழவில்லை. கருத்தொற்றுமை என்பது நல்லதுதான். ஆனால், கேள்வியே கேட்காமல் எட்டப்படும் கருத்தொற்றுமை ஆய்வுக்கு மாற்றாகாது.

சோதனை ஈராண்டுகளில் வந்தது. பிரதமர் மொரார்ஜிக்கும் அவருக்கும் இடையே உறவு சுமுகமாக இல்லை. 1979 ஜூலையில் எதிர்க்கட்சித் தலைவர் ஒய்.பி. சவான் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். ஜனதாவிலிருந்து உறுப்பினர்கள் அணி அணியாக வெளியேற, வாக்கெடுப்புக்கு முன்பே, ஜூலை 15 அன்று மொரார்ஜி பதவி விலகினார். மத்தியில் ஒரு கூட்டணியின் ஆட்சி நடுவழியில் கவிழ்ந்தது அதுவே முதல் முறை. குடியரசுத் தலைவர் பின்பற்றுவதற்கு முன்மாதிரி எதுவும் இல்லை.

முதலில் சவானை அழைத்தார். அவரால் இயலவில்லை. பிறகு மொரார்ஜி, சரண் சிங் இருவரிடமும் ஆதரவாளர் பட்டியலைக் கேட்டார். சில பெயர்கள் இரு பட்டியல்களிலும் இருந்தன. சரிபார்த்த பின், சரண் சிங்குக்கே கூடுதல் ஆதரவு என்று முடிவு செய்து, ஜூலை 28 அன்று பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். ஆகஸ்ட் மூன்றாவது வாரத்துக்குள் மக்களவையில் நம்பிக்கை வாக்குப் பெற வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். இதுவரை அவர் செய்ததில் பெரிய குறை காண இயலாது. ஆதரவை எண்ணிப் பார்த்து, பின் அவையில் மெய்ப்பிக்கச் சொல்லும் நடைமுறை பின்னாளில் வந்த குடியரசுத் தலைவர்களுக்கும் வழிகாட்டியாயிற்று.

ஆனால், அவை கூடவிருந்த நாளன்று இந்திரா காந்தி ஆதரவைத் திரும்பப் பெற்றார். நாடாளுமன்றத்தை ஒரு நாளும் சந்திக்காமலே ஆகஸ்ட் 20 அன்று சரண் சிங் பதவி விலகி, மக்களவையைக் கலைக்கப் பரிந்துரைத்தார். அப்போது ஜனதாவின் நாடாளுமன்றத் தலைவராக இருந்தவர் ஜகஜீவன் ராம். அவையில் தனிப்பெரும் கட்சி அவருடையது. தமக்கு ஒரு வாய்ப்பளிக்க வேண்டும் என்று அவர் கோரினார். சஞ்சீவ ரெட்டி அந்த வாய்ப்பை அளிக்காமல், ஆகஸ்ட் 22 அன்று மக்களவையைக் கலைத்தார்.

இந்த முடிவை ஆதரிப்போர் கூறும் காரணம் வலுவற்றதன்று. சில வாரங்களில் உறுப்பினர்கள் மும்முறை அணி மாறிய அவையில் நான்காவது முயற்சி மேலும் பேரத்துக்கே வழிவகுத்திருக்கும். மக்களிடமே செல்வதுதான் நேர்வழி என்பது அவர்கள் வாதம். காபந்து அரசு பெரிய கொள்கை முடிவுகளை எடுக்கக் கூடாது என்று அவர் வரம்பு விதித்ததும் சரியானதே. எதிர்ப்போரின் வாதமும் வலுவானது. ஒரு நாளும் அவையின் நம்பிக்கையைப் பெறாத பிரதமரின் பரிந்துரையை ஏற்று, பெரிய கட்சியின் தலைவரை அழைக்காமலே அவையைக் கலைத்தது முறையா? அதிலும் மறுக்கப்பட்டவர், பிரதமராகும் வாய்ப்பை நெருங்கிய முதல் தலித் தலைவர். 1969-இல் பெங்களூரில் சஞ்சீவ ரெட்டிக்காக ஒதுக்கப்பட்டவரும் அவரே. முடிவில் பழைய நினைவுகளின் நிழல் விழுந்ததா என்பதை எவரும் மெய்ப்பிக்க முடியாது. ஆனால், அத்தகைய ஐயத்துக்கு இடமளிக்காமல் நடந்திருக்க முடியும். ஒரு வாரம் அவகாசம் அளித்து, அவையிலேயே பலத்தை மெய்ப்பிக்கச் சொல்லியிருந்தால் அந்த ஐயமே எழுந்திராது.

1956-இல் துணை முதல்வர் பதவியை மறுத்தவரையும், 1979-இல் ஜகஜீவன் ராமுக்கு வாய்ப்பை மறுத்தவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரே மனிதர்தான் தெரிகிறார். தாம் சரி என்று கருதியதை விரைந்து முடிப்பவர். இழப்பவரின் மனக்குறையைக் கேட்க நேரம் ஒதுக்காதவர். இந்தக் குணம் 1969-இலும் 1977-இலும் அறியக்கூடியதாகவே இருந்தது. அறிய முயன்றவர்கள் இல்லை.

1980 ஜனவரியில் இந்திரா காந்தி பெரும் வெற்றி பெற்றுத் திரும்பினார். தம்மைத் தோற்கடித்தவருக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைக்கும் கடமை சஞ்சீவ ரெட்டிக்கு வந்தது. அதை அவர் கண்ணியத்துடன் செய்தார். அதன்பின் இருவருக்கும் இடையே வெளிப்படையான மோதல் எதுவும் நிகழவில்லை. பழைய பகையை அரசியலமைப்புக் கடமையில் கலக்காதது அவரது பலம்.

ஆனால், அந்த ஒத்துழைப்புக்கும் ஒரு விலை இருந்தது. 1980 பிப்ரவரி 17 அன்று ஒன்பது மாநில அரசுகள் ஒரே நாளில் கலைக்கப்பட்டன. தமிழகத்தில் எம்.ஜி.ஆர். தலைமையிலான அரசும் அவற்றுள் ஒன்று. சட்டப்பேரவையில் பெரும்பான்மையை இழக்காத அரசு அது. அமைச்சரவையின் ஆலோசனையை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பும் உரிமையை அரசியலமைப்பின் 44-ஆவது திருத்தம் குடியரசுத் தலைவருக்கு அளித்திருந்தது. அந்தத் திருத்தமே அவர் பதவிக்காலத்தில் வந்ததுதான். அந்த உரிமையை அவர் பயன்படுத்தவில்லை. மூன்றரை மாதங்களில் நடந்த தேர்தலில் தமிழக மக்கள் எம்.ஜி.ஆரையே மீண்டும் முதல்வராக்கினர். டில்லியில் திருப்பி அனுப்பப்படாத கோப்புக்கு அவர்கள் அளித்த விடை அது.

1982 ஜூலையில் பதவிக்காலம் முடிந்து சஞ்சீவ ரெட்டி விடைபெற்றார். மூன்று பிரதமர்களுடன் பணியாற்றியிருந்தார். பின்னர் தம் நினைவுகளை நூலாக எழுதினார். 1996 ஜூன் 1 அன்று பெங்களூரில் தம் 83-ஆவது வயதில் காலமானார்.

அவரை எப்படி மதிப்பிடுவது? கட்சியை விட்டு விலகி அவையை நடத்திய மக்களவைத் தலைவர், நீதிமன்றத்தின் சொல்லுக்காகப் பதவி துறந்த முதல்வர், தோல்வியைத் தாங்கி நிலத்துக்குத் திரும்பிய மனிதர் ஆகியோர் ஒரு தட்டில். உடன்பாட்டை மீறிய முதல்வர், வாய்ப்பளிக்க மறுத்த குடியரசுத் தலைவர், ஒன்பது அரசுகளின் கலைப்பைத் தடுத்துக் கேட்காதவர் ஆகியோர் மறுதட்டில். முதல் தட்டே சற்றுத் தாழும் என்பது என் கருத்து. மாறாகக் கருதுவோரும் இருக்கலாம். ஆனால், இந்த எடைபோடல் அவர் மறைந்த பிறகு நிகழ்வதுதான் வருத்தத்துக்குரியது. 1969-இல் சுமார் நாலாயிரம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் கையில் அந்தத் தராசு இருந்தது. அவர்கள் இந்திரா காந்தியையும் சிண்டிகேட்டையும்தான் அதில் வைத்தார்கள்.

குடியரசுத் தலைவருக்கு ஐந்தாண்டுகளில் நான்கு ஆண்டுகளும் பதினோரு மாதங்களும் கையொப்பமிடும் பணியாகவே கழியலாம். எஞ்சிய ஒரு மாதத்தில் நாட்டின் போக்கு அவர் ஒருவரின் முடிவைச் சார்ந்திருக்கலாம். எனவே, அடுத்த வேட்பாளரின் பெயர் அறிவிக்கப்படும்போது அவரை நிறுத்தியவர் யார் என்று கேட்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. அதிகாரம் கையில் இருந்தபோது தோற்றவர்களை அவர் எப்படி நடத்தினார்? தம்மை நியமித்தவர்களிடம் எப்போதாவது மறுத்துப் பேசியிருக்கிறாரா? கொடுத்த வாக்கு தமக்கு இடையூறானபோது அதைக் காத்தாரா? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை அவரது பழைய வாழ்க்கையிலேயே இருக்கும். சஞ்சீவ ரெட்டியின் வாழ்க்கையிலும் அவை இருந்தன.